கேமரா ஓடுகிறது, பதிவாகிறதா? காசிமேடு முதல் எண்ணூர் வரை வரும் சிசிடிவி கோளாறுகளும் சரிசெய்யும் வழியும்

வடசென்னையில், காசிமேட்டில் ஐஸ் கடை, தண்டையார்பேட்டையில் மளிகை, எம்.சி. ரோட்டில் ஜவுளி, எண்ணூர் பக்கம் லாரி ஷெட். சிசிடிவி வேலைக்கு நான் போய்வரும் இடங்கள் இவை. கடை வேறு, ஆள் வேறு, கோளாறு மட்டும் திரும்பத் திரும்ப அதேதான். போனில் "தம்பி, கேமரா போச்சு" என்பார்கள். எல்லா கேமராவுமா, ஒன்றா? பகலிலா, ராத்திரியிலா? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

உங்கள் கடையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத சோதனை முதலில் வரும், செலவு வைக்கிற காரணம் கடைசியில் வரும். "நேரலை தெரிகிறது, பழைய பதிவு இல்லை" என்ற தலைப்பை மட்டும் கோளாறே இல்லாதவர்களும் படித்துவிடுங்கள். என்னை மிகவும் வருத்தப்பட வைக்கும் கோளாறு அதுதான். திருட்டு நடந்த மறுநாள்தான் அது வெளியே தெரியும்.

## கை வைக்கும் முன்

கேமராவுக்குப் போவது 12 வோல்ட். அதில் ஷாக் அடிக்காது. ஆனால் அந்த 12 வோல்ட்டைத் தருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள் 230 வோல்ட் வருகிறது. ஓட்டை ஓட்டையாக ஒரு தகரப் பெட்டி, ஓரத்தில் ஸ்க்ரூ வரிசை இருக்கிறதே, அதில் இரண்டு ஸ்க்ரூவில் நேரடி லைன் கரண்ட் நிற்கிறது. மூடி இல்லாமல், குழந்தை கை எட்டும் உயரத்தில் அது தொங்குவதைப் பல கடைகளில் பார்க்கிறேன். முதல் வேலையாக அதை ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, காற்றுக்கு இரண்டு பக்கமும் வழி விடுங்கள். தொட வேண்டுமென்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஐந்து நிமிடம் கழித்துத் தொடுங்கள். அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் கரண்ட் நிற்கும்.

பழைய வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் சில இடங்களில் ஈபி லைன் மாடிக் கைப்பிடிச் சுவருக்குப் பக்கத்திலேயே போகும். அங்கே அலுமினிய ஏணியைத் தூக்கவே தூக்காதீர்கள். கேமரா அந்த லைனுக்குப் பக்கத்தில் இருந்தால் அது உங்கள் வேலை இல்லை, என் வேலையும் இல்லை. மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஏற வேண்டும். மீன் கழுவிய தண்ணீர் தேங்கிய தரையில் நின்றபடி பிளக்கைத் தொடாதீர்கள்.

கையில் வேண்டியது அதிகமில்லை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பழைய டூத் பிரஷ், நன்றாக வேலை செய்கிற இன்னொரு 12 வோல்ட் அடாப்டர். அந்த அடாப்டர் ஒன்று இருந்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

## எல்லா கேமராவும் ஒரே நேரத்தில் போய்விட்டது

எல்லாம் சேர்ந்து போனால் கேமராக்களைச் சந்தேகப்படாதீர்கள். நான்கு கேமரா ஒரே நிமிடத்தில் கெட்டுப்போக இடி இறங்கினால்தான் உண்டு.

டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) விளக்கு எரிகிறது, திரையில் "வீடியோ லாஸ்" என்று வருகிறது. எஸ்எம்பிஎஸ்ஸின் பச்சை விளக்கைப் பாருங்கள். எரியவில்லை என்றால் முதலில் பிளக் பாயிண்ட்டில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வருகிறது, பெட்டி மட்டும் எழவில்லை என்றால், பெட்டியை அணைத்துவிட்டு கேமராவுக்குப் போகும் ஒயர்களை எல்லாம் கழற்றி, ஒயர் இல்லாமலே பெட்டியின் சுவிட்சை மட்டும் மறுபடி போடுங்கள். இப்போது பச்சை விளக்கு எரிந்தால் பெட்டி நன்றாக இருக்கிறது, ஏதோ ஒரு கேமரா லைனில் ஷார்ட் இருக்கிறது. ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள். எதைச் சேர்க்கும்போது பெட்டி படுக்கிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாம் கழற்றியும் எழவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியதுதான். அதைத் திறந்து பழுது பார்க்காதீர்கள். மாற்றும்போது கணக்கு பாருங்கள்: கேமராவுக்கு அரை ஆம்பியர் என்று வைத்தால் எட்டுக்கு 4 ஆம்பியர். 5 ஆம்பியர் பெட்டி மூச்சு முட்டி ஓடும், 10 ஆம்பியர் வாங்குங்கள்.

டிவிஆரே எழவில்லை, அல்லது அடிக்கடி தானாக அணைந்து எழுகிறது. டிவிஆருக்குத் தனி அடாப்டர் இருக்கும். மாற்று அடாப்டரைப் போட்டுப் பாருங்கள், ஆனால் ஆம்பியர் பழையதைவிடக் குறையக் கூடாது. அதிலும் அணைந்தால், அதே லைனில் என்ன ஓடுகிறது என்று கவனியுங்கள். ஐஸ் கடைகளிலும் மீன் கடைகளிலும் ஃப்ரீஸர் கம்ப்ரெஸர் 'டொக்' என்று எடுக்கும் நொடியில் வோல்டேஜ் விழுந்து டிவிஆர் படுத்துவிடும். டிவிஆரை வேறு லைனுக்கு மாற்றி நடுவில் ஒரு 600 விஏ யூபிஎஸ் வையுங்கள். நான்கு கேமரா, டிவிஆர், ரூட்டர் எல்லாம் சேர்ந்து சுமார் 40 வாட்தான் இழுக்கும். கரண்ட் போனாலும் ஒரு அரை மணி தாங்கும்.

டிவிஆர் ஓடுகிறது, டிவியில் மட்டும் கறுப்பு. எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி விஜிஏ-வில் போட்டுப் பாருங்கள். அதில் படம் வந்தால் டிவி தாங்காத ரெசல்யூஷனை யாரோ வைத்துவிட்டார்கள். மெனுவில் குறைத்துவிடுங்கள்.

## ஒரே ஒரு கேமரா மட்டும் இல்லை

டிவிஆர் பின்னால் அந்த கேமராவின் பிஎன்சி-யை (வீடியோ கேபிள் முனையில் இருக்கும் கனெக்டர்) கழற்றி, பக்கத்தில் நன்றாக ஓடும் சேனலில் போடுங்கள். அங்கே படம் வந்தால் டிவிஆரின் அந்த ஓட்டைதான் செத்திருக்கிறது. காலியாக வேறு சேனல் இருந்தால் அதில் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். படம் வராவிட்டால் கேமராவிலோ கேபிளிலோ கோளாறு.

கேமரா பக்கத்து இணைப்பைத் திறந்து பாருங்கள். எங்கள் பக்கத்தில் விடை பெரும்பாலும் அங்கேயே பச்சையாக உட்கார்ந்திருக்கும். பித்தளைப் பாத்திரத்தில் ஏறுகிற அதே களிம்பு. உப்புக்காற்று டேப்புக்குள்ளும் புகுந்து செம்பைத் தின்றுவிடும். காசிமேட்டில் வலை வைக்கும் கொட்டகை ஒன்றில் நான் மாட்டிய கனெக்டரை எட்டு மாதம் கழித்துப் பிரித்தேன். நடு ஊசி இருந்த இடத்தில் பச்சைத் தூள் மட்டும் உதிர்ந்தது. அன்றிலிருந்து கடலோரத்தில் ஸ்க்ரூ வைத்த பிஎன்சி-யை நான் போடுவதில்லை. கிரிம்ப் செய்தது (கருவியால் நசுக்கி இறுக்கியது) மட்டும்தான், அதையும் கேமராவுக்குப் பின்னால் பிவிசி பெட்டிக்குள் வைத்து, வெளிப்பக்கம் சிலிகான் கிரீஸ் பூசி மூடுவேன்.

களிம்பு லேசாக இருந்தால் டூத் பிரஷ்ஷும் காண்டாக்ட் கிளீனரும் போதும். ஊசி கறுத்திருந்தால் கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போடுங்கள், சில பத்து ரூபாய்தான். கேபிளின் உள்ளேயும் பச்சை ஏறியிருந்தால் செம்பு பளபளக்கும் இடம் வரும் வரை வெட்டிக்கொண்டே போங்கள்.

அப்படியும் வரவில்லையா? கேமராவைக் கீழே இறக்கி, டிவிஆர் பக்கத்திலேயே சின்ன கேபிளும் மாற்று அடாப்டரும் போட்டுப் பாருங்கள். இங்கே வந்தால் நடுவில் ஓடும் கேபிள் போய்விட்டது. பெரும்பாலும் எலி கடித்திருக்கும், இல்லை ஆணி இறங்கியிருக்கும். இங்கேயும் வராவிட்டால்தான் கேமரா போய்விட்டது என்று சொல்லலாம். இந்தச் சோதனை செய்யாமல் புது கேமரா வாங்கி, அதிலும் படம் வராமல் என்னிடம் வந்தவர்கள் பல பேர்.

### பகலில் வருகிறது, ராத்திரி ஆனால் போய்விடுகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தேவையில்லாமல் அதிகக் காசு போவது இதில்தான்.

தண்டையார்பேட்டையில் ஒரு மளிகைக் கடை. குடோன் வாசல் கேமரா தினமும் ஆறரை மணிக்குப் போய்விடும், காலையில் தானாக வந்துவிடும். கடை அண்ணாச்சி இரண்டு கேமரா மாற்றிவிட்டார். மூன்றாவதும் அதே மாதிரி. "ராத்திரிதானே தம்பி எனக்கு கேமராவே வேணும்" என்றார். நான் போனது மதியம் இரண்டு மணிக்கு. இருட்டும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏணியில் ஏறி கேமராவின் முகத்தை ஒரு கறுப்புத் துணியால் மூடினேன். 'டிக்' என்று உள்ளே ஒரு சத்தம், துணி இடுக்கில் லேசான சிவப்பு வெளிச்சம். அப்புறம் மறுபடி 'டிக்', மறுபடி 'டிக்'. கீழே திரையைப் பார்த்த அண்ணாச்சி "போச்சு, போச்சு" என்று சத்தம் போட்டார்.

அந்த 'டிக் டிக்' சத்தம் கேட்டால் கேமரா கெடவில்லை, அதற்குச் சாப்பாடு போதவில்லை. பகலில் 200 மில்லி ஆம்பியர் அளவில் இழுக்கிற கேமரா, இருட்டில் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு எரியும்போது இரண்டு மடங்குக்கு மேல் இழுக்கும். மெல்லிசான நீள ஒயரில் அவ்வளவு கரண்ட் போகும்போது வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடுகிறது. கேமரா படுக்கிறது, விளக்கு அணைகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, கேமரா எழுகிறது, மறுபடி படுக்கிறது. அந்தக் குடோனில் எஸ்எம்பிஎஸ் முனையில் 12.1 வோல்ட். கேமரா முனையில் பகலில் 10.6, துணியால் மூடினால் 8.5.

நீங்களும் இதே வரிசையில் பாருங்கள். துணியால் மூடி, 'டிக் டிக்' வருகிறதா என்று கேளுங்கள். வந்தால், டிசி பின்னைக் கழற்றித் துடைத்து, ஸ்க்ரூவை இறுக்குங்கள். களிம்பேறிய பின் ஒன்றே ஒரு வோல்ட்டைத் தின்றுவிடும். சரியாகவில்லையா, கேமராவுக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தால் மாற்று அடாப்டரை நேராகக் கொடுத்துப் பாருங்கள். நின்று எரிந்தால் சந்தேகமே இல்லை, ஒயர்தான் காரணம்.

ஒயரை மாற்றும் முன் இன்னொரு வழி இருக்கிறது. சிசிடிவிக்குப் போடும் மூன்று பிளஸ் ஒன்று கேபிளில் படத்துக்கு ஒரு ஒயர் போக, கரண்ட்டுக்கு என்று மூன்று ஒயர் இருக்கும், இரண்டுதான் வேலை செய்யும். சும்மா இருக்கும் மூன்றாவது ஒயரை இரண்டு முனையிலும் மைனஸ் ஒயரோடு முறுக்கிச் சேர்த்தால் இழப்பு குறையும். ஆடியோ மைக் வைத்தவர்கள் இதைச் செய்ய முடியாது. அண்ணாச்சி கடையில் இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. கேமரா முனையில் 9.4-க்கு ஏறியது, பின்னையும் மாற்றியதும் 10-ஐத் தாண்டி நின்றது. மாற்றிய பழைய கேமரா இரண்டும் நல்ல கேமராதான் என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை நான் மறக்கவில்லை.

இதுவும் போதாவிட்டால் கேபிளையே மாற்ற வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு, ஆனால் தூரத்துக்குத் தாங்காது. முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்னத் திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தூரத்து கேமராவுக்குச் சரியாகும், பக்கத்து கேமராவுக்கு அதிகமாகிவிடும்.

### மழை பெய்தால் மட்டும் போகிறது

கேபிள் மேலிருந்து நேராகப் பெட்டிக்குள் இறங்கினால் மழைத் தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, வளைத்து, அடிப்பக்க ஓட்டையில் மேல்நோக்கி நுழையுங்கள். தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும். ஐப்பசி பிறக்கும் முன் இதை ஒருமுறை பார்த்துவிட்டால் மார்கழி வரை தொல்லை இல்லை. கேமராவின் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மாதிரி படிந்திருந்தால் ரப்பர் வாஷர் போய்விட்டது. அதைப் பிரித்து உலர்த்துவது வீட்டில் நிலைக்காது. கேமராவை மாற்றுவதே மேல்.

## படத்தில் கோடுகள் ஏறி இறங்குகின்றன

கேமரா கேபிளும் வீட்டு ஒயரும் ஒரே பைப்பில் போகிறதா? பிரித்து ஒரு சாணாவது தள்ளி ஓட்டுங்கள். கேமரா இரும்புக் கம்பத்திலோ தகரக் கூரையிலோ நேராக மாட்டப்பட்டிருக்கிறதா? எண்ணூர் பக்கத்து ஷெட்களில் இதுதான் காரணமாக இருக்கும். கேமராவை ஒரு கணம் கம்பத்திலிருந்து கழற்றிக் கையில் பிடித்துப் பாருங்கள், கையுறையோடு. கோடு போய்விட்டால் நடுவில் மரக்கட்டையோ பிளாஸ்டிக் பெட்டியோ வைத்து மாட்டிவிடுங்கள். அது முடியாத இடத்தில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னத் துண்டு கிடைக்கும், கேபிள் நடுவில் சேர்த்தால் தீரும்.

டிவிஆர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்று அடிக்கிறது என்றால் அதோடு நிறுத்துங்கள். எர்த் இல்லாததால் வரும் லேசான கசிவாகவும் இருக்கலாம், நிஜமாகவே லைன் கரண்ட் உடலில் ஏறியதாகவும் இருக்கலாம். தொட்டுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கக் கூடாது. மெயினை அணைத்து ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். எர்த்தைச் சரிபார்த்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனை அணைக்கும் சுவிட்ச்) ஒன்றையும் போடச் சொல்லுங்கள். வேலைக்கு நிற்கும் பையன்கள்தான் அந்தப் பெட்டியைத் தினமும் தொடுகிறார்கள்.

## ராத்திரி படம் வெள்ளைப் புகையாக இருக்கிறது

பெரும்பாலும் சிலந்திக்கூடுதான். ஐஆர் வெளிச்சத்துக்கு அந்த இடத்தில் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், நூலில் பட்ட வெளிச்சம் கேமரா கண்ணிலேயே அடிக்கும். துடைப்பத்தால் தட்டிவிடுங்கள். கடலோரத்தில் கண்ணாடியில் உப்புப் படலம், எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை ஓரத்தில் கன்டெய்னர் லாரிப் புழுதி. முதலில் தண்ணீர் நனைத்த மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள், அப்புறம் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கண்ணாடியைக் கீறிவிடும், அந்தக் கீறல் போகாது.

சுத்தமாக இருந்தும் புகை என்றால், கேமராவுக்கு ஒரு அடிக்குள் சுவரோ கூரை விளிம்போ இருக்கிறதா பாருங்கள். திசையைக் கொஞ்சம் மாற்றினாலே போதும்.

## டிவிஆர் 'பீப் பீப்' என்று கத்துகிறது

சத்தம் தாங்காமல் மெனுவுக்குள் போய் பஸரை அணைத்துவிடுகிறார்கள். அது டிவிஆர் உங்களிடம் சொல்லும் ஒரே வார்த்தை, அதை அடைக்காதீர்கள். மெனுவில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து ஹார்ட் டிஸ்க் நிலையைப் பாருங்கள்.

டிஸ்க்கே காட்டவில்லை என்றால் பெட்டியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, டிஸ்க்கின் இரண்டு கேபிளையும் கழற்றி அழுத்திச் செருகுங்கள். பாதி நேரம் இதிலேயே வந்துவிடும். வந்து வந்து போனால் டிவிஆர் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். பழைய அடாப்டர் டிஸ்க்கைச் சுழற்றத் திணறும், 'க்ளிக் க்ளிக்' என்று கேட்கும், டிஸ்க் போய்விட்டது என்று நினைப்போம். அடாப்டர் விலை டிஸ்க் விலையில் ஒரு சின்னப் பங்கு.

இரண்டும் செய்து 'எர்ரர்' என்றே காட்டினால் டிஸ்க் முடிந்தது. வாங்கும்போது சிசிடிவிக்கென்று செய்த டிஸ்க்காகக் கேளுங்கள். கம்ப்யூட்டர் டிஸ்க் ராத்திரி பகல் எழுதிக்கொண்டே இருக்கத் தாங்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய டிஸ்க்கைத் துடைத்துப் புதிது என்று விற்பதும் நடக்கிறது. பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். புது டிஸ்க்கும் வருடத்துக்குள் போனால் சூடுதான் காரணம். அரிசி மூட்டைக்குப் பின்னால், சாமி படத்துக்கு மேல் அலமாரிக்குள் அடைத்து வைத்த டிவிஆர்களை நிறைய எடுத்திருக்கிறேன். நான்கு பக்கமும் நாலு விரல் இடம் விடுங்கள்.

திரையில் "இனிஷியலைஸ்" அல்லது "ஃபார்மட்" செய்யவா என்று கேட்டால், உங்களுக்கு வேண்டிய பதிவு அந்த டிஸ்க்கில் இருக்கும் வரை எந்தக் காரணத்துக்கும் 'ஓகே' அழுத்தாதீர்கள்.

## நேரலை தெரிகிறது, பழைய பதிவு இல்லை

இப்போதே டிவிஆர் முன்னால் போய் நில்லுங்கள். பிளேபேக்கைத் திறந்து நேற்று ராத்திரி 2 மணியை ஒவ்வொரு கேமராவிலும் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் நல்லது. ஓடாவிட்டால் கீழே உள்ள வரிசையில் தேடுங்கள்.

நேற்று முழுக்க இல்லையா? ஹார்ட் டிஸ்க் நிலையை மேலே சொன்னபடி பாருங்கள். டிஸ்க் நன்றாக இருந்தும் இல்லை என்றால், 'ஓவர்ரைட்' (டிஸ்க் நிறைந்ததும் பழையதன் மேல் எழுதும் வசதி) அணைந்திருக்கும். டிஸ்க் நிறைந்த நாளோடு பதிவு நின்றுவிட்டிருக்கும். பட்டனைத் தட்டினால் போதும்.

துண்டு துண்டாக இருக்கிறதா? 'மோஷன்' பதிவில் வைத்திருக்கிறார்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால்தான் பதியும். இருட்டில், தூரத்தில் வருகிற ஆளை அது பல நேரம் கவனிக்காது. வாசல், கல்லா, குடோன் மூன்றுக்கும் தொடர்ச்சியான பதிவையே வையுங்கள்.

மூன்று நாள்தான் இருக்கிறதா? கோளாறு இல்லை, டிஸ்க் சின்னது. ஒரு கேமரா 2 எம்பிபிஎஸ் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. ஒரு டிபி டிஸ்க்கில் பத்து நாள் கிடைக்கும். படத்தை இன்னும் சுருக்கிப் பதியும் எச்.265 முறைக்கு மாற்றி வேகத்தைப் பாதியாக்கினால் இருபது நாள். வெளியூர் போய் வந்து பார்க்கிறவர்களுக்குப் பத்து நாள் போதாது, முதலிலேயே கணக்குப் போட்டு வாங்குங்கள்.

எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்லாவில் பணம் போனது. கடைக்கார அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு "நீ வந்தா எடுத்துடுவேன்னு சொன்னாங்க தம்பி" என்றார். பிளேபேக்கில் கடைசிப் பதிவு ஆடி மாதத்தோடு நின்றிருந்தது. மூன்று மாதம் அந்தத் திரையில் படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதற்கப்புறம் நான் போகிற கடைகளில் எல்லாம் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் "பிளேபேக்" என்று பேனாவால் எழுதிவிட்டு வருகிறேன்.

## நேரம் தப்பாகக் காட்டுகிறது

சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது: டைம் ஸோன் ஜிஎம்டி-யில் இருக்கிறது. +5:30-க்கு மாற்றுங்கள்.

கரண்ட் போய் வந்தால் 2000-க்கோ 1970-க்கோ போய்விடுகிறது: போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032, எந்த வாட்ச் கடையிலும் கிடைக்கும். சாலிடர் செய்த பேட்டரியாக இருந்தால் கடையில் கொடுத்து மாற்றுங்கள்.

மாதத்துக்குச் சில நிமிடம் நழுவுகிறது: இணையம் இருந்தால் என்டிபி-யை (இணையத்திலிருந்து நேரம் எடுக்கும் வசதி) இயக்குங்கள், தானாகச் சரியாகிவிடும்.

## போனில் தெரியவில்லை, கடையில் தெரிகிறது

போனை வைஃபையில் இருந்து எடுத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். பிறகு டிவிஆரின் நெட்வொர்க் பக்கத்தில் 'ஆன்லைன்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால், சமீபத்தில் ரூட்டர் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். பழைய ரூட்டரின் முகவரி எண்ணையே டிவிஆர் பிடித்துக்கொண்டிருக்கும். டிஎச்சிபி-யை (ரூட்டரிடமிருந்து தானாக முகவரி வாங்கும் வசதி) இயக்கி டிவிஆரை ஒருமுறை அணைத்து எழுப்புங்கள். தேதி தப்பாக இருந்தாலும் ஆப் சேராது. ஆன்லைன்தான், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் ஆப்பில் 'சப் ஸ்ட்ரீம்' (தரம் குறைத்த லேசான படம்) தேர்ந்தெடுங்கள்.

இதற்காக யாராவது "போர்ட் திறந்துவிடுகிறேன்" என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். போர்ட் திறந்தால் உங்கள் டிவிஆரின் வாசல் உலகம் முழுவதற்கும் திறந்துவிடும்.

## கேமரா தானாகத் திரும்புகிறது, பாஸ்வேர்ட் ஏற்கவில்லை

யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வேலையாக இணைய ஒயரைப் பிடுங்குங்கள். பதிவு நிற்காது, வெளித்தொடர்பு மட்டும் நிற்கும்.

2016 அக்டோபரில் மிராய் என்ற தீய நிரல் உலகெங்கும் ஏராளமான டிவிஆர்களையும் கேமராக்களையும் பிடித்து, அமெரிக்காவில் பெரிய இணையதளங்களையே முடக்கியது. அது உள்ளே நுழைய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. கம்பெனியில் இருந்து வந்த 'அட்மின்', '12345' மாதிரி பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான். இன்றும் எங்கள் பகுதிக் கடைகளில் கடைப் பெயரோடு 123 சேர்த்த பாஸ்வேர்டைத்தான் பார்க்கிறேன்.

பாஸ்வேர்ட் மறந்துதான் போயிருந்தால், தயாரித்த கம்பெனியின் உதவி மையம் சொல்லும் வழியில் மட்டும் மீட்டெடுங்கள். பில்லும் டிவிஆரின் சீரியல் எண்ணும் கேட்பார்கள். இணையத்தில் கிடைக்கிற 'ரீசெட்' மென்பொருளை இறக்காதீர்கள். மீட்ட பிறகு மென்பொருளைப் புதுப்பித்து, பெரிய பாஸ்வேர்டாக மாற்றி, வேலை ஆட்களுக்கு நேரலை மட்டும் தெரிகிற தனிக் கணக்கு கொடுங்கள். பெட்டிக்கு அடியில் உள்ள க்யூஆர் ஸ்டிக்கரைப் படமெடுத்து வாட்ஸப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். மாட்டியவர் போகும்போது அவர் முன்னாலேயே பாஸ்வேர்டை மாற்றுங்கள். நான் மாட்டினாலும் அப்படித்தான், அதில் எனக்குக் கோபம் வராது.

## எதிர்வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள்

நம் சந்துகளில் எதிர்வீட்டு ஜன்னல் பத்தடிக்குள் இருக்கும். அவர்கள் கோபம் நியாயமானது. கேமராவைக் கீழ்நோக்கிச் சாயுங்கள். அப்படியும் ஜன்னல் விழுந்தால் மெனுவில் 'பிரைவசி மாஸ்க்' என்று இருக்கும், அந்த இடத்தைக் கறுப்பால் மூடிவிடலாம். மூடிய திரையை அவர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

ஜவுளிக் கடை டிரையல் ரூம், கழிவறை, வேலை ஆட்கள் உடை மாற்றும் இடம், இந்த மூன்றின் பக்கமும் கேமரா திரும்பக் கூடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. யார் கேட்டாலும் நான் அங்கே மாட்ட மாட்டேன்.

## தண்ணீர் புகுந்துவிட்டது

தண்ணீர் வடிந்ததும் "எரிகிறதா பார்க்கலாம்" என்று சுவிட்சைப் போடாதீர்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. அங்கே ஒரு வீட்டில் டிவிஆர் முழுக்கக் கறுப்புப் பிசுக்கு. அவர்கள் கரண்ட் கொடுக்காமல் அப்படியே வைத்திருந்ததால் டிஸ்க்கில் இருந்ததை மீட்க முடிந்தது. அந்தத் தெருவிலேயே இன்னொருவர் உலர்த்திவிட்டுப் போட்டார், போர்டோடு டிஸ்க்கும் புகைந்தது.

மெயினை அணைப்பது தண்ணீருக்குள் நின்று செய்யும் வேலை இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் புகார் மையம், 94987 94987-க்குச் சொல்லுங்கள். நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸும் அடாப்டரும் குப்பைக்குத்தான். டிஸ்க்கில் முக்கியமான பதிவு இருந்தால் டேட்டா மீட்கும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள், நடுவில் எந்த கம்ப்யூட்டரிலும் செருகாதீர்கள்.

## திருட்டு நடந்துவிட்டது, ஸ்டேஷனில் பதிவு கேட்கிறார்கள்

பதற்றத்தில் முதலில் நேரத்தைச் சரிசெய்யப் போவார்கள். தொடாதீர்கள். டிவிஆர் திரையையும் போன் கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எத்தனை நிமிட வித்தியாசம் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு புது பென் டிரைவில், சம்பவத்துக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் சேர்த்து, எல்லா கேமராவிலும் நகலெடுங்கள். பென் டிரைவை டிவிஆர் ஏற்கவில்லை என்றால் எஃப்ஏடி32-ஆக ஃபார்மட் செய்து போடுங்கள். ஃபார்மட் செய்ய வேண்டியது பென் டிரைவை, டிஸ்க்கை அல்ல. மெனுவில் இரண்டு தடவை படித்துவிட்டு அழுத்துங்கள். திரையைப் போனில் வீடியோ எடுத்தது அவசரத்துக்கு உதவும், ஆதாரத்துக்கு அசல் கோப்புதான் வேண்டும். இன்னொரு நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

நகலெடுக்கத் தெரியவில்லை, டிஸ்க்கோ சின்னது என்றால் டிவிஆரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். ஓடவிட்டால் பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். டிவிஆரையே போலீஸ் எடுத்துப்போனால் மகஜரில் (போலீஸ் எழுதும் பறிமுதல் பட்டியல்) மாடல், சீரியல் எண் எழுதியிருக்கிறதா என்று பார்த்து நகல் வாங்குங்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு நடைமுறையில் இருக்கிறது, முன்பு 65பி என்று சொன்னது. அதன்படி இந்தப் பதிவோடு ஒரு சான்றிதழ் சேர வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் வரும். அதில் ஒரு பகுதியில் டிவிஆரைப் பொறுப்பில் வைத்திருக்கும் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், இன்னொரு பகுதியில் நிபுணர் போட வேண்டும். படிவத்தை ஸ்டேஷனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எடுத்து வைத்த அந்தப் படத்தையும், நேரம் எவ்வளவு தப்பு என்பதையும் அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். அதற்கப்புறம் டிவிஆர் உங்களிடமே இருந்தால் நேரத்தைச் சரிசெய்துகொள்ளலாம்.